நைனாவின் துப்பாக்கிக்கு ஆள் பார்த்தது

திருத்தணியில் எதை வேண்டுமானாலும் விற்கலாம். கறவை மாட்டை விற்கலாம், கைமாறிக் கைமாறி வந்த மோட்டார் சைக்கிளை விற்கலாம், ஏரிக்கரை ஓரத்து அரை ஏக்கரை, கூடப்பிறந்தவனுக்குத் தெரியாமலே விற்றுவிடலாம். ஒரு பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை மட்டும் விற்கக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் எனக்கு வந்த கதிதான் வரும்.

இத்தனைக்கும் நான் விவரம் தெரியாதவள் இல்லை. தாலுகா ஆபீஸுக்கு எதிர் வரிசையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பது, பட்டா எடுத்துக் கொடுப்பது, சாதிச் சான்றிதழுக்குப் பதிவு போடுவது என்று பொழுது ஓடும். பள்ளிப்பட்டு வரைக்கும் உள்ள ஜனங்கள், அந்தக் கடை அம்மாவைக் கேளு, எல்லாம் தெரியும் என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன். நைனாவின் துப்பாக்கி அந்தப் பெருமையை ஒரே நாளில் வாங்கிக்கொண்டு போய்விட்டது.

நைனா என்றால் என் அப்பா. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பாவுக்கு அதுதான் பெயர். பள்ளிப்பட்டு ரோட்டில், ஊரைவிட்டுத் தள்ளி நிலத்திலேயே வீடு. வேர்க்கடலையும் கொஞ்சம் கரும்பும். பின்னால் குன்று இருப்பதால் காட்டுப்பன்றி இறங்கும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று எழுதிக் கொடுத்து, நான் பிறப்பதற்கு முன்பே நைனா லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஊரில் வேறு எவரிடமும் துப்பாக்கி கிடையாது. அந்தப் பெருமையை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்படி நடந்துகொள்வார்.

அதை வைத்து அவர் ஒரு எலியைக்கூடச் சுட்டு நான் பார்த்ததில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். பன்றிகளுக்கும் அது பழகிப்போய், சத்தம் கேட்டால் அடுத்த வயலுக்குப் போய்ச் சாவகாசமாகத் தோண்டும். மயில் கூட்டம் வந்தால் கையைத் தட்டுவதோடு சரி. மயிலைச் சுட்டால் ஜெயில் என்பது இருக்கட்டும், மலைமேல் இருப்பவனுக்கு யார் பதில் சொல்வது? ஆக மொத்தம் அந்தத் துப்பாக்கி செய்த வேலை மூன்று. லைசென்ஸ் புதுப்பிக்க நைனாவை அலையவிட்டது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் போய்ப் படுத்துக்கொண்டது, ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொண்டது.

மூன்றாவதுதான் எங்களைக் கவிழ்த்தது. பூஜைக்கு முந்தின நாள் அம்மா குத்துவிளக்கு, சொம்பு, அரிவாள் எல்லாவற்றோடும் துப்பாக்கிக் குழலையும் வாங்கிப் போட்டுக்கொண்டு புளியும் செங்கல் தூளும் வைத்துத் தேய்ப்பாள். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும் என்று நைனா சொல்வார். பூஜைக்கு வைக்கிற சாமான் அழுக்காக இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்பாள் அம்மா. தேய்த்து முடித்து, இரும்பில் எழுத்து வெட்டியிருக்கும் இடமாகப் பார்த்துச் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் வைப்பாள். எழுத்து இருக்கிற இடம்தான் அதற்கு முகம் என்பது அவள் கணக்கு. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஒரு வருஷம் தப்பியதில்லை.

போன ஆடியில் அம்மா போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் வீட்டில் பண்டிகை இல்லை. துப்பாக்கியில் அவள் கடைசியாக வைத்த பொட்டு காய்ந்து, கருஞ்சிவப்பாக அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நைனா குழல் முழுக்கத் துடைப்பார், அந்த இடத்தை மட்டும் தொடமாட்டார்.

எங்களோடு திருத்தணிக்கு வந்துவிடு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் வலித்துப்போனது. ஒருநாள் சாயங்காலம் குழம்பு எடுத்துக்கொண்டு போனபோது நைனா கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். தலைக்கு மேலே சுவரில் இரண்டு ஆணி, அதன்மேல் துப்பாக்கி. மறுபடியும் கூப்பிட்டேன்.

"உங்கம்மா இல்லாத இந்த வூட்லயே நான் இன்னாத்துக்கு கீறேன்னு தெரியல. இதுல உன் வூட்டுக்கு வந்து இன்னா பண்ணப்போறேன்?" என்றார். சொல்லிவிட்டு மேலே பார்த்தார். பல்லியைப் பார்த்தாரோ, ஆணியைப் பார்த்தாரோ, என் கண்ணுக்குத் துப்பாக்கிதான் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. அவர் வந்ததும் வராததுமாக விஷயத்தைச் சொன்னேன். முதல் வேலையாக அந்தச் சனியனை வீட்டைவிட்டு வெளியே எடு என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு அதுதான் பயம். தனியாக ஒரு மனுஷன், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், கைக்கு எட்டுகிற உயரத்தில் துப்பாக்கி. வேறு எதை நினைக்கச் சொல்கிறீர்கள்?

ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடலாம் என்று நைனாவிடம் சொன்னேன். அங்கே கிடந்து துருப்பிடித்துப் போகும், முடியாது என்றார். சரி, விற்றுவிடலாம் என்றேன். உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. விற்பதாக இருந்தால் ஆள் பார்த்துத்தான் கொடுப்பேன் என்றார். பார்த்தார் ஆள். குடிக்கிறவன் வேண்டாம், கோபக்காரன் வேண்டாம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பட்டணத்தில் இருப்பவன் வேண்டாம். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது இதில் பாதிகூட விசாரிக்கவில்லை.

கடைசியில் அம்மாவின் பெரியப்பா மகன் தேறினார். எனக்கு மாமா முறை, நைனாவை அத்தான் முறையில் பாவா என்று கூப்பிடுவார். ஆந்திரா எல்லையை ஒட்டி நிலம், பன்றித் தொல்லை தாங்காமல் அப்போதுதான் லைசென்ஸ் வாங்கியிருந்தார். துப்பாக்கிதான் இன்னும் வாங்கவில்லை. போலீஸ் விசாரணை, டாக்டர் சான்றிதழ், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளத் தெரியும் என்று பயிற்சிச் சான்றிதழ் என அலைந்து செருப்புத் தேய்ந்த கதையை அவர் சொன்னபோது, கஷ்டமெல்லாம் அவரோடு முடிந்தது, இனி நம் பக்கம் சுலபம் என்று நினைத்தேன். நாளைக்கே கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு, பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஆயிற்று. வண்டியை விற்பது மாதிரிதானே?

ஸ்டேஷன் ஏட்டு சிரித்தார். அவனவன் இஷ்டத்துக்குக் கைமாற்றினால் கொடுத்தவரும் உள்ளே, வாங்கினவரும் உள்ளே என்றார். யார் விற்கிறார், யாருக்கு விற்கிறார், வாங்குகிறவர் விலாசம் என்ன, அவருக்கு லைசென்ஸ் உண்டா என்று முதலில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தபிறகு நாற்பத்தைந்து நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபணை இல்லை என்றால் துப்பாக்கியைக் கொண்டுவந்து நம்பரைச் சரிபார்த்து, இரண்டு லைசென்ஸிலும் பதிய வேண்டும்.

அதுவரைக்கும் துப்பாக்கி எங்கே இருக்கும் என்று கேட்டேன். லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவரிடம்தான், இல்லையென்றால் இங்கே கொண்டுவந்து போடச் சொல்லுங்கள் என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். அந்த இரும்பை இன்றைக்கே வெளியே எடுக்கத்தானே இத்தனை பாடு? ஏன் அவசரம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அன்றைக்கே ஜீப் போகும், துப்பாக்கி வந்துவிடும். கூடவே, பெரியவருக்குப் புத்தி சரியில்லையாம், என்னமோ பண்ணிக்கொள்ளப் பார்த்தாராம் என்று ஊரே பேசும். அதற்குப்பிறகு அந்த மனுஷன் தலைநிமிர்ந்து ஊருக்குள் நடக்கமாட்டார். தெரிவிப்புக் கடிதத்தை டைப் அடித்துக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

துப்பாக்கியை எடுக்க முடியாவிட்டால் தோட்டாவை எடுத்துவிட்டால் போயிற்று என்று அடுத்த யோசனை. நைனா மோட்டார் போடப் போயிருந்த நேரத்தில் பீரோவிலிருந்த தோட்டாக்களை எடுத்து டிபன் கேரியரின் அடித்தட்டில் போட்டு, மேல்தட்டில் மீந்த சோற்றை வைத்து மூடி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இன்னா குழம்பு என்று வேறு கேட்டாள்.

வீட்டுக்காரர் தட்டைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். லைசென்ஸ் இல்லாத கையில் ஒரு தோட்டா இருந்தாலும் கேஸ்தான், பெற்ற மகள் என்றெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது, ரயில்வே வேலையில் இருக்கிறவன் வீட்டில் இது இருந்தால் என் கதி என்ன என்று கத்தினார். விடிந்ததும் அதே டிபன் கேரியரோடு அதே பஸ். வேப்பங்குச்சியும் வாயுமாக நைனா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கேரியரை என் கையிலிருந்து வாங்கி, தட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்.  தோட்டாக்களை எடுத்து முந்தானையில் துடைக்கிற மாதிரி துண்டில் துடைத்து பீரோவில் வைத்தார். அடித்தட்டை மட்டும் நன்றாகக் கழுவிக் கொடுத்தார்.

அப்புறம் எனக்கு வேறு வழி தெரியவில்லை. துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போய்விட்டேன். வேர்க்கடலை பிடுங்கும் சமயம், கூலி ஆளுக்குச் சமைத்துப்போட வேண்டும் என்று ஒரு காரணத்தைச் சொன்னேன். காலையில் பஸ் பிடித்துக் கடைக்கு வருவேன், பொழுது சாய்ந்ததும் பஸ் பிடித்து ஊருக்கு ஓடுவேன். கடையில் பாதி வாடிக்கை எதிர்க்கடைக்குப் போனது. என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டார்.

நைனாவைக் கேட்கிறீர்களா? அவர் ஜோராக இருந்தார். நாளைக்குக் கருவாட்டுக் குழம்பு வை என்பார். உப்பு கம்மி என்பார். சீரியலில் மாமியாரைத் திட்டுவார், என்னையும் கூட உட்கார்ந்து திட்டச் சொல்வார். நான் இளைத்தேன், அவர் தேறினார். இந்த மனுஷனையா காவல் காக்கிறோம் என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆனாலும் மேலே அந்த இரண்டு ஆணியைப் பார்த்தால் பயம் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கெடு முடிந்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். அன்றைக்குக் காலையில் என் பையைக் கட்டினேன். நம்பர் பார்த்து முடிந்ததும் நேராக என் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கையோடு எடுத்துக்கொண்டேன். நைனா பையைப் பார்த்தார், துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு என்னோடு கிளம்பினார். மாமா எங்களுக்கு முன்பே வந்து ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தார்.

எஸ்.ஐ. சின்ன வயசுப் பையன், மரியாதையாகப் பேசினார். லைசென்ஸில் இருந்த நம்பரை வாய்விட்டுப் படித்துவிட்டு, துப்பாக்கியில் காட்டுங்கள் பெரியவரே என்றார். நைனா காட்டிய இடத்தில் அம்மாவின் பொட்டு இருந்தது. துடைக்கச் சொன்னார். நைனா அசையவில்லை. ஒரு கான்ஸ்டபிள் ஈரத்துணி கொண்டுவந்து அழுத்தித் துடைத்தார். நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொட்டு போனது. அடியில் நம்பர் இல்லை. இத்தனை வருஷப் புளியும் செங்கல் தூளும் அந்த இடத்தைக் கண்ணாடி மாதிரி வழித்துவிட்டிருந்தன. ஏதோ ஒரு எண்ணின் வால் மட்டும் லேசாகத் தெரிந்தது.

எஸ்.ஐ. முகம் மாறிவிட்டது. நம்பரை அழிப்பது குற்றம், நம்பர் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், விற்பது இருக்கட்டும், இப்போது உங்கள் நைனாமேல் கேஸ் போடுவதா வேண்டாமா என்பதுதான் கேள்வி என்றார். நான் விடுவேனா? புளி போட்டுத் தேய்த்ததைச் சொன்னேன், பூஜையைச் சொன்னேன், அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்டேஷன் துப்பாக்கிகளில் காய்ந்திருந்த சந்தனத்தையும் கைநீட்டிக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"நாங்களும் பொட்டு வெக்கிறோம்மா. புளி போட்டுத் தேய்க்கல" என்றார்.

நிபுணர் பார்த்துச் சொல்லும்வரை துப்பாக்கி இங்கேயே இருக்கட்டும் என்றார் அடுத்தபடியாக. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஒரு கணம் அப்பாடா என்றிருந்தது. நாற்பத்தைந்து நாளாக நான் வேண்டிக்கொண்டது அதுதானே. அதே கணத்தில் பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தேன். தேர்தலுக்குத் தேர்தல் அதே ஸ்டேஷனுக்கு மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பவர், கைதி மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார்.

எஸ்.ஐ.க்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தேய்த்த அம்மா எங்கே என்று கேட்டார். போய்விட்டாள் என்றேன். அப்படியானால் இறந்துபோன மனைவிதான் நம்பரை அழித்தார் என்று எழுதிக் கொடுங்கள், பெரியவர்மேல் வராமல் பார்க்கலாம் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. போனவளை எந்த போலீஸ் பிடிக்கப்போகிறது? பேப்பர் வாங்கி, மனு எழுதிப் பழகிய கையால் மளமளவென்று ஆரம்பித்துவிட்டேன்.

"அவ பேர எழுதாத" என்றார் நைனா.

வந்ததிலிருந்து அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. எழுந்து வந்து, துப்பாக்கியை மேஜைமேல் திருப்பி வைத்தார். குழலுக்கு அடியில், இடது கையால் தாங்கிப் பிடிக்கிற மரக்கட்டையைக் கட்டைவிரலால் நெம்பி ஒரே இழுப்பில் கழற்றினார். மரத்துக்குள் ஒளிந்திருந்த இரும்பில் அதே நம்பர் நேற்று வெட்டினது மாதிரி இருந்தது. அங்கே புளியும் போகவில்லை, பொட்டும் போகவில்லை.

"இங்கயும் போட்டிருப்பாங்க. அவ ஒண்ணும் அழிக்கல" என்றார்.

எஸ்.ஐ. ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தார். லைசென்ஸோடு ஒத்துப்போனது. மாமா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மேலே அழிந்ததற்கு ஒரு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பல வருஷம் துடைத்ததால் தேய்ந்துவிட்டது என்று நைனா பேரிலேயே எழுதினேன், அம்மா அதில் எங்கும் இல்லை. கையெழுத்தெல்லாம் ஆனபிறகு மாமா இரண்டு கையாலும் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். எண்ணெய் மட்டும் போடு, புளி வாணாம் என்று நைனா சொன்னார். சரிங்க பாவா என்று தலையாட்டிவிட்டு மாமா போனார்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். அதற்குமேல் முடியவில்லை. கேஸ் என்கிறான், குற்றம் என்கிறான், மகள் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துகிறாள், அடியில் நம்பர் இருப்பது தெரிந்தும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா என்று நின்ற இடத்தில் பிடித்துக்கொண்டேன். பூக்காரம்மா வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நம்பர் இல்லன்னா விக்க முடியாது" என்றார் நைனா. "விக்கலன்னா நீ போவ மாட்டே."

நான் பையைக் கீழே வைத்தேன்.

"நான் அதால ஏதாச்சும் பண்ணிக்குவேன்னு பயந்துகினுதானே வந்து இருந்தே? டிபன் கேரியரத் தொறந்த அன்னிக்கே தெரியும். எனக்கு அப்டியெல்லாம் எண்ணம் இல்லம்மா. ஆனா அத உன்கிட்ட சொல்லிட்டா மறுநாளே நீ கெளம்பிடுவியேன்னு சொல்லல."

"அதுக்கு ஒரு வார்த்த, இரும்மான்னு சொல்றதுக்கு இன்னா?" என்றேன். எனக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

"சொன்னா இருந்திருப்பியா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடை இருக்கிறது, என் வீட்டுக்காரருக்குச் சமைக்க வேண்டியிருக்கிறது, வீடு பூட்டிக் கிடக்கிறது. எல்லாம் நிஜம்தான்.  பள்ளிப்பட்டு பஸ் வந்து நின்றது. நைனா என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டு வைத்தார். துப்பாக்கி சுற்றி வந்த போர்வை வெறுமையாக மடியில் கிடந்தது.

நான் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஏறும்போதும் திட்டிக்கொண்டேதான் ஏறினேன். எத்தனை டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டார். ரெண்டு என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.